நீரடிமுத்துப் பாத்தியின் சராசரி

அகமது மீரான் அந்த மையத்துக்கு முதன்முதலாகப் போன அன்று வாசல்படியிலேயே ரத்தம் கிடந்தது. கேட்டதற்கு, பயப்படும்படி ஒன்றுமில்லை, தோட்டக்காரர் ஒருவரின் சுண்டுவிரல்தான் என்றார்கள். நாற்றுகளின் வளர்ச்சியை மேம்படுத்திக்கொண்டிருந்தபோது குறுக்கே விரலை நீட்டிவிட்டாராம். விரலைத் தேடி எடுத்து, ஐஸ் பெட்டியில் போட்டு, ஆளோடு சேர்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாகிவிட்டது. வளர்ச்சிப் பணி தடையில்லாமல் நடக்கிறது. நீங்கள் தாராளமாக உள்ளே போகலாம் என்றார்கள்.

மீரான் உள்ளே போனார். பாவம், அவர் ஒரு மரக்கன்று வாங்க வந்த மனிதர். ஒன்றே ஒன்று.

விக்கிரமசிங்கபுரத்தில் மில்லுக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருக்கும் மீரானுக்கு மரங்களோடு பெரிய பழக்கம் கிடையாது. பாதி ஆயுளைச் சவூதியில், தம்மாமில் கழித்தவர். அங்கே மரம் என்றால் பேரீச்சை, பேரீச்சை என்றால் பிறத்தியார் சொத்து. ஊருக்குத் திரும்பிய பிறகுதான், மனைவி ஆபிதா பீவிக்கு அவள் வாப்பா சீதனமாகக் கொடுத்த ஓடைக்கரை நிலத்தில் ஒரு வீட்டைக் கட்டிக் குடியேறினார். வீட்டுக்குப் பின்னால், கரையைப் பிடித்துக்கொண்டு ஒரு நீரடிமுத்து மரம் நின்றது. ஆபிதாவின் காலில் வருடாவருடம் வரும் கரப்பான் படைக்கு அந்தக் கொட்டையை ஆட்டிய எண்ணெய்தான் மருந்து. வாப்பா மௌத்தாகி அடக்கமான பிறகு அவள் அந்த மரத்தையே வாப்பா என்று கூப்பிட ஆரம்பித்தாள். “உங்க வாப்பா இன்னைக்கு ரொம்ப இலை கொட்டியிருக்காரு, போய்க் கூட்டு” என்று மீரான் கேலி செய்வார். அவளும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போவாள்.

ஒரு ஆடி மாதம் ஜீப்பில் சிலர் வந்து இறங்கினார்கள். அருகிவரும் மருந்து மரங்களின் நாற்று உயர மேம்பாட்டு மையம் என்று ஜீப்பில் எழுதியிருந்தது. இந்த மரம் அழிந்துகொண்டிருக்கும் இனம், இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு மரம் எங்களுக்குத் தெரிந்து இல்லை, காயை எல்லாம் கொடுங்கள், நாங்கள் கன்றாக்குகிறோம் என்றார்கள். மீரான் ஒன்று விடாமல் பறித்துக் கொடுத்தார். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த மார்கழியில் வந்த வெள்ளம் பாதிக் கரையோடு மரத்தையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. வீட்டின் அடுக்களைச் சுவர் இப்போது ஓடையை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஆபிதா பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒருநாள் அவளே சொன்னாள்.

“அந்த ஆபீஸ்ல நம்ம கொட்டையெல்லாம் முளைச்சிருக்கும்லா மச்சான். ஒரு கன்னு வாங்கிட்டு வாங்க. வாப்பா நின்ன எடத்துக்குப் பக்கத்துலயே வச்சிருவோம்.”

அதற்காகத்தான் வந்திருந்தார்.

மையத்தின் இயக்குநர் குமரகுருபரன் நிழல்வலைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இதற்கு முன்பு ஒரு தனியார் பள்ளியில் தாளாளராக இருந்து, விடாமல் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டியவர். தேற மாட்டான் என்று தெரிந்த பிள்ளைக்கெல்லாம் பரீட்சைக்கு முன்பே டி.சி. கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அந்தப் புகழைக் கேட்டுத்தான் மையத்தின் நிர்வாகக் குழு அவரைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே வைத்தது. மரத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று ஒரு உறுப்பினர் கேட்டாராம். பிள்ளைகளைப் பற்றி அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்று மற்றவர்கள் திருப்பிக் கேட்டார்களாம்.

மீரான் வணக்கம் சொல்லி வாயைத் திறப்பதற்குள் ஒரு மணி அடித்தது. பாத்திகளுக்கு நடுவே ஒருவன் அரிவாளோடு நடந்து வந்தான். அவன் பெயர் சிவகணேஷ், மில்லில் ஒப்பந்த வேலை போனவன், இங்கே அவனுக்குப் பதவி வளர்ச்சி உதவியாளர். அவனுக்கு முன்னால் உயர அளவீட்டு அலுவலர் விஜயஸ்ரீ ஓர் அளவுகோலோடு போனாள். அவள் கோலை ஒரு வேங்கைக் கன்றின் பக்கத்தில் நிறுத்தி, உதட்டைப் பிதுக்கினாள். அரிவாள் இறங்கியது. அடுத்த கன்று, அடுத்த பிதுக்கல், அடுத்த வெட்டு. ஒரு சாண் உயரப் பிள்ளைகள் எல்லாம் தலை வேறு, தண்டு வேறாக விழுந்தன. பின்னாலேயே இரண்டு பேர் வேரோடு பெயர்த்துக்கொண்டு போய்க் கல்லுரலில் போட்டு உலக்கையால் இடித்தார்கள். பச்சை ரத்தம் என்று ஒன்று இருந்தால் அது உரலிலிருந்து வழிந்துகொண்டிருந்தது.

“என்ன சார் இது?” என்றார் மீரான்.

“வளர்ச்சி” என்றார் இயக்குநர். “நம்ம நோக்கம் என்ன வே? நாத்துகளோட சராசரி உயரத்தக் கூட்டணும். எனக்கு முந்தி இருந்தவன் தண்ணி ஊத்தினான், தொழுவுரம் போட்டான், உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தான். என்ன கூடிச்சு? ஒரு விரக்கடை. நான் வந்தேன். சராசரிக்குக் கீழ நிக்கதெல்லாம் வெட்டுன்னேன். ஒரே நாள்ல ஒரு சாண் கூடிட்டு!”

“வெட்டினா செடி எப்படி சார் வளரும்?”

“செடி எதுக்கு வே வளரணும்? சராசரி வளருதுல்லா.”

மீரான் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். தம்மாமில் முதலாளிகள் சொன்ன எத்தனையோ விஷயங்கள் அவருக்குப் புரிந்ததில்லை. புரியாததற்குத் தலையாட்டுவது என்ற பழக்கம் அங்கே வந்தது, இங்கேயும் உதவியது. தலையாட்டிவிட்டு வந்த காரியத்தைச் சொன்னார். இயக்குநர் விதியைச் சொன்னார். ஒரு பாத்தியின் சராசரி உயரம் ஆளின் முழங்காலை எட்டினால்தான் அந்தப் பாத்தி தேறும். தேறிய பாத்தியிலிருந்துதான் பொதுமக்களுக்குக் கன்று. அதுவரை மாதம் ஒரு வெட்டு.

“அப்ப வெட்டப் போறதுல ஒண்ணத் தாங்களேன் சார். எப்படியும் சாகப் போறதுதான?”

இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “குட்டக் கன்ன வெளிய விடவா? நாலு பேரு பாத்தா மையத்தோட பேரு என்ன ஆவது? எதுக்காகப் பிடுங்காம வெட்டுதோம்? பிடுங்கினா எவனாவது எடுத்துட்டுப் போய் நட்டுருவான். எதுக்காக இடிக்கோம்? வெட்டினாலும் சில சனியன் வேருலருந்து துளிர்க்கி!”

மீரானின் நீரடிமுத்துப் பாத்தி கடைசி மூலையில் இருந்தது. நல்ல வேளை, பாத்தி நிறையக் கன்றுகள். பளபளவென்று இலை விட்டு, காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் அவருக்கு மாமனாரின் முகம் ஞாபகம் வந்தது. இத்தனை இருக்கிறதே, ஒன்று கூடவா நமக்கு மிஞ்சாது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

அதன்பிறகு மாதம் தவறாமல் போனார். ஒவ்வொரு மாதமும் பாத்தியில் பாதி காணாமல் போயிருந்தது. வெட்டினால் சராசரி கூடுகிறது. கூடிய சராசரிக்குக் கீழே மறுபடியும் பாதிச் செடிகள் வந்துவிடுகின்றன. அவற்றை வெட்ட வேண்டியிருக்கிறது. இது எங்கேதான் போய் முடியும் என்று அவர் விஜயஸ்ரீயிடம் கேட்டார்.

“முடியணும்னு விதில இல்லையே பாய்” என்றாள் அவள்.

வெட்டு மட்டும் போதாது என்று இயக்குநருக்கு ஒருநாள் தோன்றிவிட்டது. காற்றில் ஆடிய நாற்றுக்குத் தண்டு பலம் அதிகம் என்று யாரோ வெளிநாட்டுக்காரர் எழுதியதை எங்கோ படித்திருந்தார். “காத்துக்கு நாம எங்க போக? நாமளே அடிப்போம்” என்றார். மறுநாள் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் ஊழியர்கள் அத்தனை பேர் கையிலும் ஆளுக்கொரு புளியவிளார். விசில் ஊதியதும் வரிசையாக நின்று நாற்றுகளை விளாசினார்கள். தளிர்கள் கிழிந்து பறந்தன. பக்கத்தில் நின்றவன் முகத்திலும் சில அடிகள் விழுந்தன. விழுந்ததைத் திருப்பிக் கொடுக்காமல் இருக்க அவர்களும் மனிதர்கள்தானே.

ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு தோட்டக்காரர் பொறுப்பு. எந்தப் பாத்தி எல்லாவற்றிலும் குட்டையோ, அந்தத் தோட்டக்காரர் வெயிலில் ஜல்லிமேல் முட்டி போட வேண்டும். வயதானவர்கள் அழுதுகொண்டே முட்டி போட்டார்கள். பிறகு எல்லோரும் விவரமாகிவிட்டார்கள். அளவெடுக்கும் நாள் காலையில் ஒவ்வொரு கன்றையும் கொழுந்தைப் பிடித்து மெல்ல மேலே இழுத்தார்கள். உள்ளே வேர் அறுந்தது. கன்று ஒரு விரல் உயர்ந்து நின்று, அளவு கொடுத்துவிட்டு, சாயங்காலம் செத்தது. செத்தாலும் நிமிர்ந்து நின்றால் உயரம் கணக்கில் சேரும் என்று விஜயஸ்ரீ தீர்ப்புச் சொன்னாள். உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதற்குத் தனியாக ஒரு பதவி உண்டு என்றும், அது நிரப்பப்படவில்லை என்றும் விளக்கினாள்.

சொந்தப் பாத்தியை இழுத்து முடித்தவர்கள் பக்கத்துப் பாத்தியை மிதிக்கத் தொடங்கினார்கள். வேங்கைப் பாத்திக்காரரும் குங்கிலியப் பாத்திக்காரரும் ஒருநாள் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு நிழல்வலைக்குள் உருண்டார்கள். ஒருவருக்கு முன்பல் போயிற்று, இன்னொருவருக்கு மண்டை பிளந்தது. மறுநாள் பிரார்த்தனையில் இயக்குநர் கண்கலங்கினார். “ஈடுபாடு! இதத்தான் நான் இத்தனை நாளா எதிர்பாத்தேன்” என்றார். தலையில் கட்டோடு நின்றவருக்குக் கைதட்டல் கிடைத்தது. பல் போனவருக்கு அதுவும் கிடைக்கவில்லை, அவர் பாத்தி குட்டை.

மில் குடியிருப்பிலிருந்து ஓர் ஆடு வேலி தாண்டி வந்து சந்தனப் பாத்தியின் கொழுந்தை மேய்ந்தது. “சராசரியத் திங்குது, பிடி லே!” என்று இயக்குநர் கத்தினார். சிவகணேஷ் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினான். ஆட்டின் தலை மீரானின் காலடியில் வந்து விழுந்தது. ஆட்டுக்காரர்கள் கம்போடு வந்தார்கள், மையத்துக்காரர்கள் விளாரோடு நின்றார்கள், மதியம் வரை அடிதடி நடந்தது. மீரான் சட்டையெல்லாம் ரத்தமாக வீட்டுக்குப் போனார்.

“கன்னு வாங்கப் போனியளா, கறி வாங்கப் போனியளா?” என்றாள் ஆபிதா.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பாத்தியில் இப்போது கைவிரலால் எண்ணிவிடும் அளவுக்குத்தான் கன்றுகள் மிச்சம். அடுத்த வெட்டில் இரண்டு நிற்கும், அதற்கடுத்ததில் ஒன்று, பிறகு அந்த ஒன்றையும் எவனாவது கொழுந்தைப் பிடித்து இழுப்பான். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு விதியைத் திருப்பித் திருப்பி நினைத்துப் பார்த்தார். சராசரி முழங்காலை எட்டினால் பாத்தி தேறும். தேறினால் வெட்டு நிற்கும், கன்று கிடைக்கும். கன்றுகளோ ஒரு சாணுக்கு மேல் இல்லை. ஆனால் நடுவில் ஒன்று மட்டும் தென்னை மாதிரி நின்றுவிட்டால்?

மில்லின் மதில் ஓரம் குப்பைமேட்டில் ஆமணக்கு காடாக வளர்ந்து கிடந்தது. அதில் ஒன்று மீரானைவிட ஒரு முழம் உயரம்.

“இது கள்ளத்தனம் இல்லையா மச்சான்?” என்று ஆபிதா கேட்டாள்.

“அவங்க செய்யுதது என்ன தொழுகையா? கோணியப் பிடி.”

வேரடி மண்ணோடு பெயர்த்துக் கோணியில் வைத்துக் கட்டி, சைக்கிள் கேரியரில் நிறுத்தி, ஆபிதா பின்னால் பிடித்துக்கொண்டு நடக்க, மதியச் சாப்பாட்டு வேளையில் மையத்துக்குக் கொண்டுபோனார். தெருவில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். உள்ளே எல்லோரும் சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் படுத்திருந்தார்கள். சிவகணேஷ் மட்டும் விழித்திருந்தான். அவன் மீரானைப் பார்த்தான், ஆமணக்கைப் பார்த்தான்.

“சோத்துல கைய வச்சா அந்தக் கொழுந்துகதான் தெரியுது பாய்” என்றான். “நான் ஒண்ணும் பாக்கல. அங்கன காலிக் குழி ஒண்ணு கிடக்கு, பைய வச்சிட்டுப் போங்க.”

அளவு நாள் வந்தது. விஜயஸ்ரீ நீரடிமுத்துப் பாத்திக்கு வந்ததும் நின்றுவிட்டாள். அண்ணாந்து பார்த்தாள். பிறகு ஸ்டூல் கொண்டுவரச் சொல்லி ஏறினாள். அளவுகோல் போதவில்லை, இரண்டாவது கோலைச் சேர்த்துக் கட்டினாள். கை அகலமாக விரிந்த இலை ஒன்று அவள் மூக்கில் இடித்தது. அதை ஒதுக்கிவிட்டு அளவைச் சொன்னாள்.

“இலையப் பாத்தியளா மேடம்?” என்று ஒரு தோட்டக்காரர் மெல்லக் கேட்டார்.

“இலையப் பாக்கது என் வேல இல்ல. எனக்கு உயரம் மட்டும்தான்” என்றாள் அவள்.

சராசரி முழங்காலுக்கு மேலே போயிருந்தது. இயக்குநர் ஓடி வந்தார். ஆமணக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அது ஆமணக்கு என்று அவருக்கு ஒரு கணம் தெரிந்தது என்றே வைத்துக்கொள்ளலாம், அவரும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்தான். ஆனால் மறுகணம் அவர் அதை மறந்துவிட்டார். பதவியில் இருப்பவர்களுக்கு அது கைவந்த கலை.

“பாத்தி தேறிட்டு!” என்று அலறினார்.

மீரானுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. “அப்ப ஒரு கன்னக் குடுங்க சார்” என்று கையை நீட்டினார். ஒரு சாண் கன்றுகள் அவர் காலடியில், அத்தனை அருகில் நின்றன.

“குடுக்கேன் வே, குடுக்கேன். அதுக்கு முந்தி தரம் பாக்கணும்லா. சிவகணேசு, அரிவாள எடு. இந்தக் குட்டையெல்லாம் கழிச்சிரு.”

“சார், எட்டிட்டுன்னியளே!”

“பாத்தி எட்டிட்டு. இதுக எட்டலயே. நூத்துக்கு நூறு போட்டாச்சு, பெயிலானவன உள்ள வச்சிக்கிட்டு இருக்க முடியுமா? நேத்து வரைக்கும் இதுல பாதி சராசரிக்கு மேலதான் நின்னுச்சு. இப்படி ஒருத்தன் வந்து பக்கத்துல நின்ன பெறகுதான் வே தெரியுது, இதுக எல்லாமே எவ்வளவு குட்டைன்னு!”

அந்த வார்த்தை மீரானின் நெஞ்சில் மண்வெட்டிபோல இறங்கியது. சும்மா விட்டிருந்தால் இந்த மாதம் பாதியாவது தப்பியிருக்கும். அந்த ஒருத்தனை இவர்தான் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார். அவர் அப்படியே பாத்தியின்மேல் குப்புற விழுந்து இரண்டு கைகளாலும் கன்றுகளை அணைத்துக்கொண்டார். சிவகணேஷ் அரிவாளைத் தரையில் போட்டான். “என்னால முடியாது சார். வேற ஆளப் பாருங்க” என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தான். தோட்டக்காரர்கள் விளாரால் மீரானின் முதுகை விளாசினார்கள். காலைப் பிடித்து இழுத்தார்கள். ஒருவர் மண்வெட்டிக் காம்பால் தோளில் ஓங்கி அடித்தார், எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அப்போதும் அவர் கையை எடுக்கவில்லை. இயக்குநரே அரிவாளைக் குனிந்து எடுத்தார்.

ஒரு வெட்டு முழங்கைக்குக் கீழே விழுந்தது, மற்றவை எல்லாம் கன்றுகளில் சரியாக விழுந்தன. இழுத்துக்கொண்டு போகும்போது உரலில் உலக்கை விழும் சத்தம் அவருக்குக் கேட்டது. விஜயஸ்ரீ புதிய சராசரியைச் சத்தமாகச் சொன்னாள். ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு முழம்.

விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். சென்னையிலிருந்து ஓர் உயர் அதிகாரி வந்திருந்தார். மேடையில் பித்தளைக் குத்துப்போணிக்குள் ஆமணக்கு நின்றது. அதற்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, பொன்னாடையும் போர்த்தியிருந்தார்கள். அதன் பக்கத்தில் சிவப்புத் துணி விரித்த தாம்பாளத்தில் மையத்தின் அரிவாள் குங்குமப் பொட்டோடு கிடந்தது. பேட்டைப் பட்டறையில் சொல்லிச் செய்த அரிவாள், பளபளவென்று இருந்தது. கீழே தோட்டக்காரர்கள் விளாரோடு அணிவகுத்து நின்றார்கள்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

“பெரியோர்களே! எண்ணிக்கையைப் பெருக்குவது யாராலும் முடியும், முயல்கூடச் செய்யும். நாங்கள் எண்ணிக்கையைக் குறைத்து உயரத்தைப் பெருக்கினோம். நான் பொறுப்பேற்றபோது இந்த மையத்தில் நீரடிமுத்து நாற்றுகள் எத்தனையோ இருந்தன. ஒன்றாவது ஆள் உயரம் இருந்ததா? இல்லை! இன்று இங்கே இருக்கும் ஒவ்வொரு நீரடிமுத்து நாற்றும், மறுபடியும் அழுத்திச் சொல்கிறேன், ஒவ்வொரு நாற்றும் ஆள் உயரத்துக்கு மேல்! தாமிரபரணிக் கரையில் இனி அழியும் நிலையில் எந்த மரமும் இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். அழியக்கூடியவற்றை நாங்களே முடித்துவிட்டோம்!”

கைதட்டல் பந்தலைத் தூக்கியது. உயர் அதிகாரி எழுந்து, இந்த முறையை ஆஸ்பத்திரிகளுக்கும் விரிவுபடுத்தினால் நோயாளிகளின் சராசரி ஆரோக்கியம் எங்கேயோ போய்விடும் என்று பாராட்டினார். பிறகு முதல் பயனாளியின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மீரான் மேடை ஏறினார். தோளில் கட்டு, கையில் கட்டு. விழாவுக்கு வராவிட்டால் பாத்தியில் அத்துமீறியதற்கு வழக்குப் போடுவோம் என்று சொல்லித்தான் வரவழைத்திருந்தார்கள். “கேட்டீருல்லா ஒரு கன்னு, இந்தாரும்!” என்று இயக்குநர் சிரித்துக்கொண்டே ஆமணக்கைக் காட்டினார். போட்டோக்காரர், கொஞ்சம் சிரிங்க பாய் என்றார். கீழே முதல் வரிசையில் ஆபிதா உட்கார்ந்திருந்தாள். குப்பைமேட்டில் தான் கோணி பிடித்த செடிக்குப் பொன்னாடை போர்த்தியிருப்பதை அவள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீரான் நல்ல கையால் தாம்பாளத்திலிருந்து அரிவாளை எடுத்தார்.

முதல் வீச்சில் ஆமணக்கு பொன்னாடையோடு இரண்டாக விழுந்தது. அவர் அதோடு விடவில்லை. விழுந்ததை வெட்டினார், வெட்டியதை வெட்டினார், குத்துப்போணியை வெட்டினார், அரிவாளின் வாய் மடங்கும்வரை வெட்டினார். பிறகு இயக்குநரின் படம் போட்ட பேனரைக் குறுக்கே கிழித்தார், பந்தல்கால் கயிற்றை அறுத்தார். பந்தல் ஒரு பக்கம் சரிந்து, அதன் துணி இயக்குநரை மூடியது. பெண்கள் அலறினார்கள், நாற்காலிகள் பறந்தன, உயர் அதிகாரி மேடைக்குப் பின்னால் குதித்துக் காலை முறித்துக்கொண்டார். அந்தக் குழப்பத்திலும் தோட்டக்காரர்கள் கையில் விளார் இருந்தது. அடித்துப் பழகிய கைகள், ஜல்லிமேல் பழகிய முட்டிகள். துணிக்குக் கீழே புடைத்துக்கொண்டு தெரிந்த இயக்குநரை அவர்கள் வரிசையாக நின்று விளாசி உரமேற்றினார்கள்.

உதடு கிழிந்து, ஒரு கண் மூடிப்போய், இயக்குநர் துணியை விலக்கிக்கொண்டு ஊர்ந்து வந்தார். “கொன்னுட்டான்! கடைசி நீரடிமுத்தக் கொன்னுட்டான்!” என்று கதறினார். அதைக் கேட்டதும் போலீஸ்காரர்கள் ஓடிவந்து மீரானைப் பிடித்தார்கள். இயக்குநரை அடித்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அருகிவரும் இனத்துக்கு முன்னால் அது சின்ன விஷயம்.

ஸ்டேஷனில் மேசைமேல் ஆமணக்குத் துண்டுகளைப் பாலித்தீன் பையில் கட்டி வைத்திருந்தார்கள். ஏட்டு அதைத் தூக்கிப் பார்த்தார்.

“அய்யா, இது ஆமணக்குல்லா?”

“எனக்கும் கண்ணு இருக்கு வே” என்றார் இன்ஸ்பெக்டர். “மையத்துல நீரடிமுத்துன்னு முத்திரை குத்திக் குடுத்திருக்கான். அழியப் போற இனத்தோட கடைசிக் கன்ன வெட்டிக் கொன்னதா கேசு. வெளிய வாரது கஷ்டம்.” அவர் மீரானைப் பார்த்தார். கட்டை மீறி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இன்ஸ்பெக்டரின் குரல் கொஞ்சம் இறங்கியது. “பாரும் பாய், எனக்கு உம்ம மேல ஒண்ணும் இல்ல. இது ஆமணக்கு, குப்பையில கிடந்தது, அத வெட்டினேன்னு ஒரு வார்த்தை சொல்லும். எழுதிக்கிட்டு வீட்டுக்கு அனுப்பிருதேன். அவன் மூஞ்சிலயும் கரியப் பூசிரலாம்.”

ஆபிதா வாசலில் நின்றிருந்தாள். “சொல்லுங்க மச்சான்” என்றாள். “நாம கொண்டுபோன ஆமணக்குதான, சொல்லிட்டு வாங்க. வீட்டுக்குப் போவோம்.”

மீரான் அவளைப் பார்த்தார். கன்றுகள் செத்தது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். ஏன் செத்தன என்று அவர் இன்னும் சொல்லவில்லை. தோள் முறிந்ததைச் சொன்னார், கை வெட்டுப்பட்டதைச் சொன்னார், அதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. இந்தக் கேள்வியை நேராகக் கேட்க ஒரு இன்ஸ்பெக்டர் வேண்டியிருந்தது.

“நீரடிமுத்துக் கன்னக் கொன்னது நீருதானா, இல்லையா?” என்றார் இன்ஸ்பெக்டர். “இல்லன்னு சொல்லும்.”

“ஆமா சார்” என்றார் மீரான். “ஒண்ணு இல்ல, அம்புட்டு கன்னையும். அந்த ஆமணக்கக் கொண்டுபோய் வச்சது நான். அத வைக்காம இருந்தா இன்னைக்கு ரெண்டு கன்னாவது நின்னுருக்கும். நாந்தான் கொன்னேன், எழுதிக்கிடுங்க.”

ஏட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், இன்ஸ்பெக்டர் மேசையைப் பார்த்தார். ஆபிதா வாசல்படியில் உட்கார்ந்தாள். அவள் வாப்பா மௌத்தான அன்று எப்படி அழுதாளோ அப்படி அழுதாள்.